ஆவணி முதல் வெள்ளியில் மூன்று புதுக் கார்கள்

என் மகள் தன் சிநேகிதிகளிடம் என்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறாள். "எங்கம்மா அந்தக் காலத்துலயே கார்பூல் பண்ணாங்க, தெரியுமா? கார்பனைக் குறைக்கணும்னு நாமெல்லாம் இப்பத்தான் பேசுறோம்" என்கிறாள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். நான் கார் ஓட்டாமல் இருந்ததற்கு என் நல்ல மனசு காரணமில்லை. எனக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

லைசென்ஸ் சோதனையில் ஒரு மேடு உண்டு. காரை மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பவேண்டும். மலேசியாவில் லைசென்ஸ் எடுத்த யாரைக் கேட்டாலும் அந்த மேட்டைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். என்னிடம் ஒரு மூட்டையே இருக்கிறது. கிளட்சை விட்டால் இஞ்சின் அணையும், பிரேக்கை விட்டால் கார் உருளும். ஒரு தடவை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இறங்கும்போது, "காக்கா, பஸ் நல்லா இருக்கு லா" என்றார். மலாயில் காக்கா என்றால் அக்கா. எவ்வளவு மரியாதையாகக் கழுத்தை அறுத்தார் பாருங்கள்!

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு ரயில்வே பட்டறையில் வேலை, சைக்கிளில் போய்விடுவார். எனக்கு ஷா ஆலமில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. கன்வேயரில் வரும் சர்க்யூட் பலகைகளை எடுத்துப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று வைக்கவேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஷா ஆலமுக்குப் பஸ்ஸை நம்பிப் போவதும், மழையை நம்பித் துணி காயப்போடுவதும் ஒன்றுதான்.

அதனால் நாங்கள் நாலு பேர் ஒரே காரில் போனோம். காருக்குச் சொந்தக்காரர் எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அண்ணன். ஐம்பதை நெருங்கியவர், பஞ்சாங்கம் பார்க்காமல் மூக்கைக்கூடச் சிந்தமாட்டார். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் தொடங்குவதால் அதற்கு முன்னால் தொழிற்சாலை வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று ஆக்சிலேட்டரை மிதிப்பார். மற்ற நாட்களில் மாட்டு வண்டி. இரண்டாவது, மெஷின் ரிப்பேர் செய்யும் தம்பி. புதிதாகக் கல்யாணமானவன், வண்டியில் ஏறியதும் தூங்குவான். மூன்றாவது, பங்சாரில் வழியில் ஏறிக்கொள்ளும் ஒரு பெண். கணக்குப் பிரிவில் வேலை, கான்வென்ட் படிப்பு, சென்ட் வாசனை. தொழிற்சாலையே அவரை 'மிஸ்' என்றது, நானும் மிஸ் என்றேன்.

பெட்ரோல் அவர்கள் மூவர் பாடு. பசியாற வைப்பது என் பாடு. அதுதான் எங்களுக்குள் பேச்சு. விடியுமுன் எழுந்து நாலு அடுக்கு டிபன் கேரியரை நிரப்புவேன். ஒரு நாள் இட்லி, ஒரு நாள் மீஹூன் என்கிற வறுத்த அரிசிச் சேமியா, வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் காரமான நெத்திலிச் சம்பலும். பத்து தீகா டோல் சாவடியில் கார்கள் நத்தையாக ஊரும் நேரத்தில் நான் கேரியரைத் திறப்பேன். தம்பி அந்த வாசனைக்குத்தான் கண் விழிப்பான். அண்ணனுக்கு மட்டும் நான் உருட்டிக் கொடுக்கவேண்டும், ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் உருண்டை. அவருடைய பழைய பச்சைக் காரின் முன் சீட்டில் என் சம்பல் சிந்திய கறை ஒன்று இருந்தது. கேரளா வரைபடம் மாதிரி என்று மிஸ் சொல்வார். அண்ணன் அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

ஊர்வம்பு, மாமியார் கதை, சீட்டுப் பணம், மிஸ்ஸுக்கு வந்த வரன்கள், எல்லாம் அந்தக் காரில்தான். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. எனக்கு அந்தக் கார்தான் வெளியுலகம். இதை நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் எங்கள் வரிசைக்கு லைன் லீடர் எடுப்பதாகப் பேச்சு வந்தது. சூப்பர்வைசர் ஒரு சீன அம்மா, கறார் பேர்வழி. என்னைக் கூப்பிட்டு, வேலையில் குறையில்லை, ஆனால் பஞ்ச் கார்டில் சிவப்பு விழக்கூடாது என்றார். நேரம் தாண்டி அட்டையைச் செருகினால் மெஷின் சிவப்பு மையில் அடிக்கும். எனக்கு அந்த வேலை வேண்டும். கன்வேயர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து என் கழுத்து கல்லாகிப்போயிருந்தது. லைன் லீடர் என்றால் நடமாடலாம், நாலு பேரை அதட்டலாம். அதட்டுவதற்கென்றே பிறந்தவள் நான். வீட்டில் ஒருவரையே எத்தனை வருஷம் அதட்டுவது?

ஆடி மாதம் முழுக்கக் காரில் ஒரு மாதிரியான அமைதி. நான் கவனித்தேன், ஆனால் புரியவில்லை. தம்பி தூங்காமல் மற்ற கார்களை வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தான். மிஸ் கைப்பையிலிருந்து ஏதோ வண்ணக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நான் திரும்பினால் உள்ளே வைத்தார். அண்ணன் என் சம்பல் கறையை முன்னைவிட அதிகமாகப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையோ, வரன் விஷயமோ என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். மறுவாரம் எனக்கு மறுபடியும் மேட்டுச் சோதனை. அர்ச்சனைத் தட்டில் எலுமிச்சம்பழத்தோடு என் லைசென்ஸ் விண்ணப்பப் பாரத்தையும் வைத்துக் கொடுத்தேன். குருக்கள் பாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "போன தடவை வெச்சதும் இதேதானேம்மா?" என்றார். கடவுள் மறந்தாலும் இவர் மறக்கமாட்டார்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வாசலில் புதுக் கார்கள் வரிசையாக நின்றன. மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். ஆடியில் யாரும் வண்டி எடுக்கமாட்டார்கள். கடைக்காரன் சாவியை நீட்டினாலும் 'ஆடி முடியட்டும்' என்பார்கள். அதனால் ஆவணி முதல் வெள்ளி என்றால் கோயில் வாசலில் கார்க் கடைதான். நான் பராக்குப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் நின்ற வெள்ளைக் காருக்குப் பக்கத்தில், வேட்டி கட்டி, கையைக் கட்டிக்கொண்டு, நம் அண்ணன்.

"அண்ணே! புதுக் காடியா? சொல்லவே இல்லியே!"

அண்ணன் மென்று விழுங்கினார். "பழசுல அடிக்கடி ரிப்பேர், தங்கச்சி. அதான்..." என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். சீட்டுகளின் மேல் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே மின்னியது. வாழ்த்திவிட்டுத் திரும்பினால், இரண்டு கார் தள்ளி ஒரு சிவப்புக் கார், பக்கத்தில் பட்டுச் சேலையில் மிஸ். அவருக்குப் பின்னால் இன்னொரு கார். அதன் பானெட்டில் புதுப் பெண்டாட்டியோடு சேர்ந்து குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான் தம்பி.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த முகங்களை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கார் வாங்கி, ஒரே காலண்டரைப் பார்த்து, ஒரே நல்ல நேரத்துக்கு, ஒரே வாசலுக்கு வந்து மாட்டிக்கொண்டார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். குருக்கள் கற்பூரம் காட்டி, அண்ணன் காரை முன்னால் எடுக்க, எலுமிச்சம்பழம் பட்பட்டென்று நசுங்கியது. அப்புறம் மிஸ், அப்புறம் தம்பி.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் கேட்டேன். "அப்போ திங்கக்கிழமை எந்தக் காடியில போறோம்?"

"பாத்துக்கலாம்கா" என்றான் தம்பி.

"யெஸ், யெஸ், பாத்துக்கலாம்" என்றார் மிஸ். அண்ணன் சக்கரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலை மும்முரமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரர், "முன்ன ஒரு காடி, இப்ப மூணு. உனக்கென்ன குறைச்சல்?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. திங்கட்கிழமைக்கு விசேஷமாக நாசி லெமாக்கே கட்டினேன், புதுக் கார் கொண்டாட்டம் என்று நெத்திலி சம்பலைக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன்.

வழக்கமான பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அண்ணனின் பச்சைக் காரையே பார்த்துப் பழகிய கண், ஒவ்வொரு புதுக் காரையும் உற்றுப் பார்த்தது. வெள்ளையாக ஒன்று வந்தால் ஒரு அடி முன்னால் வைப்பேன். அது போய்விடும், பின்னால் வருவேன். சிவப்பு வந்தால் மறுபடியும் ஒரு அடி. பக்கத்தில் நாளிதழ் விற்றவர், "யாரையாவது தேடுறீங்களாக்கா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஏன் இல்லை என்று சொன்னேன் என்று தெரியவில்லை. பொழுது நன்றாக விடிந்தது. யாரும் வரவில்லை என்பது எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது, ஆனாலும் இன்னும் கொஞ்சம் நின்றேன். மனசு அப்படியே சுருங்கிப்போனது. அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஷா ஆலம் வழியாகப் போகும் கிள்ளான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். ஃபெடரல் ஹைவேயில், டோலுக்கு வெகு தூரம் முன்னாலேயே எல்லாம் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடது பக்க வரிசையில் ஒரு வெள்ளைக் கார், பிளாஸ்டிக் சீட்டில் அண்ணன், தனியாக. நடு வரிசையில் சிவப்புக் கார், மிஸ், தனியாக. கொஞ்சம் பின்னால் தம்பி, அவனும் தனியாக, தூங்க முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு. ஒரு காரில் அடங்கிய கூட்டம், ரோட்டில் மூன்று காரை அடைத்துக்கொண்டு நின்றது. அவர்களை மட்டும் சொல்வானேன், அந்த ரோட்டில் முக்கால்வாசிக் கார்களில் ஒரே ஒரு தலைதான் தெரிந்தது. மற்ற சீட்டுகளையெல்லாம் சும்மா கிள்ளானுக்கு உலாத்தக் கூட்டிப்போகிறார்களா? நான் ஜன்னல் கம்பியில் கேரியரைத் தட்டினேன். தம்பி நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் முகம் செத்துப்போனது.

அன்று நாலு பேர் அட்டையிலும் சிவப்பு. அண்ணனுக்கு ராகு காலம் வேறு, நடு ரோட்டிலேயே பிடித்துக்கொண்டது. அவர்களுக்குச் சிவப்பு விழுந்தால் ஒன்றுமில்லை. என்னைச் சூப்பர்வைசர் அம்மா ஓரமாகக் கூப்பிட்டு, அட்டையைக் காட்டி, "லாகி லம்பாட்?" என்று மலாயில் கேட்டார். மறுபடியும் தாமதமா என்று அர்த்தம். இந்த மாதம் இன்னொரு சிவப்பு விழுந்தால் லைன் லீடர் வேலையைப் பக்கத்து வரிசைக்காரிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனின் நடு மேசையில் உட்கார்ந்தேன். கேரியரின் நாலு அடுக்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன். வாழையிலையைப் பிரித்தேன். சம்பல் வாசனை கேண்டீன் முழுக்கப் போனது. பசியாறாமல் வந்த மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையிலிருந்து மெதுவாக வந்து சேர்ந்தார்கள்.

"அக்கா, சாரிக்கா" என்று ஆரம்பித்தான் தம்பி. "அண்ணன்தான் எப்பவும் ஏத்துவாரு, அதனால அவரே ஏத்திக்குவாருன்னு நெனச்சேன்."

"நான் மிஸ் ஏத்திக்கும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். "பொம்பளைக்குப் பொம்பளை தொணையா இருக்கும்னு..."

"நான் பங்சார்ல இருக்கேன், அண்ணே. திரும்பி பிரிக்பீல்ட்ஸ் எப்படி வரது? தம்பி பக்கத்துலதான இருக்கான்னு நெனச்சேன்" என்றார் மிஸ்.

"நல்லா நெனச்சீங்க!" என்றேன். "மூணு பேரும் நெனச்சுக்கிட்டே மூணு காடியில போயிட்டீங்க. நான் மட்டும் ரோட்டுல நிக்கிறேன், போற வர காடியையெல்லாம் பாத்துக்கிட்டு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சீங்களா? அதை நெனைக்கலியே!"

குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. எனக்கே எரிச்சலாக இருந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவர் சொன்னதுதான் வேடிக்கை. "உண்மையைச் சொல்லிர்றேன், தங்கச்சி. அந்தச் சீட்டு... புதுசு. உன் சம்பல்..."

சம்பலுக்காகவா என்னை நடுத்தெருவில் விட்டீர்கள் என்று கத்த வாயெடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. மிஸ்ஸும் சிரித்தார். அடக்க முடியாமல் தம்பி மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். சூடு தணிந்ததும் நான் சட்டம் போட்டேன். ஒரு வாரத்துக்கு ஒரு கார். மற்ற இரண்டும் வீட்டில் நிற்கும். யார் காரில் நாலு பேரும் போகிறோமோ அந்தக் காரில் மட்டும்தான் கேரியர் திறக்கும். தனியாகப் போகிறவர் தனியாகப் பசியாறிக்கொள்ளட்டும்.

"சம்பல் இல்லாம..." என்று இழுத்தார் அண்ணன்.

"சம்பல் இல்லாத நாசி லெமாக்கா? அதுக்கு நான் பஸ்லயே போறேன்!"

மறுநாள் விடிகாலையில் நிறுத்தத்துக்குப் போனபோது எனக்கு நம்பிக்கையில்லை. அண்ணனின் வெள்ளைக் கார் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் தம்பி வாயைத் திறந்து தூங்கினான். நான் ஏறினேன், பிளாஸ்டிக் உறை சரசரவென்று கத்தியது.

அந்த மாதம் எனக்குச் சிவப்பு விழவில்லை. லைன் லீடர் ஆனேன், ஆசை தீர அதட்டினேன். ஆனால் அந்த வாரத்து மேட்டுச் சோதனையில் கார் வழக்கம்போல் பின்னால் உருண்டது. அண்ணனுக்கு வேறு சோதனை. வாரக் கணக்கில் நின்றதால் அவர் கார் பேட்டரி செத்துப்போனது. புதுக் காரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் கண்ணு வைத்துவிட்டார் என்று எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டார். பேட்டரி மாற்றியபின்தான் கிளம்பியது, பெயர் எலுமிச்சைக்குப் போனது.

சில வருஷம் கழித்து ஊரையே புகைமூட்டம் மூடியது. காடெரிந்த புகை என்றார்கள். டோல் வரிசையில் முன்னால் நின்ற காரின் பின் விளக்குகூட மங்கலாகத் தெரிந்தது. எல்லாரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டோம். மிஸ் வெளியே பார்த்துவிட்டு, "எரியுறது காடு மட்டுமில்ல போலிருக்கு. நம்ம ரோட்டுலயும் தினம் எரிச்சுக்கிட்டேதான இருக்கோம்" என்றார். நாங்கள் புண்ணியவான்கள் ஒன்றுமில்லை. மிஸ் வீட்டில் ஏர்கான் ஓடியது, நான் தண்ணீர்க் குழாயை மூட மறப்பவள். ஆனால் அன்றைக்கு எங்கள் காரில் காலி சீட்டு இல்லை என்பது எனக்குத் திருப்தியாக இருந்தது. தொழிற்சாலையிலும் அப்போதுதான் நாலு பேர் வரும் காருக்கு வாசலோரத்து நிழலில் இடம் என்று அறிவித்தார்கள். அண்ணன் தான் கண்டுபிடித்த யோசனை மாதிரி எல்லாரிடமும் பேசினார்.

அதற்கப்புறம் ஒரு நாள், எப்படி நடந்ததென்று எனக்கே தெரியாது, மேட்டில் கார் உருளவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். கோயிலில் குருக்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தேன். வீட்டுக்காரர், "ஆவணி வருதே, ஒரு சின்னக் காடி பாக்கலாமா?" என்றார். மறுநாள் சேதி சொன்னபோது காரில் கைதட்டல், அப்புறம் அமைதி. எனக்குத் தெரிந்த அமைதி அது. ஆடி மாதத்து அமைதி.

அண்ணன்தான் கேட்டார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அப்போ நீயும் காடி எடுத்துருவ. திங்கக்கிழமைலேர்ந்து..."

"திங்கக்கிழமைலேர்ந்து நான் ஓட்டுறேன். உங்க காடியை. சாவியைக் குடுங்க" என்றேன்.

அவர் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. திங்கட்கிழமை பிளாஸ்டிக் உறையெல்லாம் எப்போதோ கிழிந்துபோன அந்த வெள்ளைக் காரில், பக்கத்தில் அண்ணன் முருகா முருகா என்று உட்கார்ந்திருக்க, பின்னால் தம்பி தூங்க, நான் ஓட்டினேன். என் பழைய நிறுத்தத்தைத் தாண்டும்போது பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண், கையில் சாப்பாட்டுப் பை. வெள்ளைக் கார் என்றதும் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவள் எதிர்பார்த்த கார் இல்லை என்று தெரிந்ததும் பின்னால் போனாள்.

பிரேக்கை மிதித்தேன். அண்ணன் கண்ணாடியில் முட்டப் பார்த்தார், தம்பி விழித்துக்கொண்டு, "டோலாக்கா?" என்றான்.

கண்ணாடியை இறக்கினேன். "ஷா ஆலமா? ஏறுங்க."

"இடம்?" என்றார் அண்ணன்.

"பங்சார்ல மிஸ் ஏறுவாங்க. பின்னால மூணு பேரு தாராளமா உக்காரலாம். தம்பி, தள்ளி உக்காந்து தூங்கு."

அவள் தயங்கித் தயங்கி ஏறினாள். தினமும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இன்று வரவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கும் ஏத்திக்குவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"தினமும் ஏத்திக்குவோம்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு. நீங்க எப்பவாச்சும் காடி வாங்கினா, எங்கிட்ட சொல்லிட்டு வாங்கணும்."

அவளுக்குப் புரியவில்லை, சரி என்றாள். தம்பி சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் என் கேரியரை மடியில் எடுத்து வைத்து, முதல் பொட்டலத்தைப் பிரித்து, பின்னால் திரும்பி அவளிடம் நீட்டினார்.